காவல்துறைத் திட்டம் பலன் தந்ததா? அளந்து சொல்வது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடுதல் ரோந்து, கண்காணிப்பு கேமரா, பெண்கள் உதவி மேசை, குடிபோதை வாகனச் சோதனை என எந்தத் திட்டமாக இருந்தாலும், ஆறு மாதம் கழித்து "பலன் இருந்ததா?" என்ற கேள்வி வரும். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லும் முறைகள் பற்றிய பக்கம் இது. மாவட்ட அளவில் திட்டம் போடும் அதிகாரிகள், குற்றவியல் மாணவர்கள், புள்ளிவிவரத்தைச் சரிபார்க்க விரும்பும் செய்தியாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதப்பட்டது.

கூடுதல் ரோந்து போட்டோம். செயின் பறிப்பு மாதம் 9-லிருந்து 5-ஆகக் குறைந்தது. வெற்றி என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. ரோந்தால் எந்த விளைவும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் மொத்தம் நடந்த 14 பறிப்புகளில் ஒவ்வொன்றும் முதல் மாதத்தில் விழுந்ததா, இரண்டாவது மாதத்தில் விழுந்ததா என்பது நாணயம் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். 14 முறை சுண்டினால் 9-க்கு 5 என்றோ அதைவிடப் பெரிய இடைவெளியிலோ பிரிவதற்கு 42 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதாவது ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் இப்படி ஒரு மாற்றம் சாதாரணமாக வரும். 11-க்கு 3 என்று பிரிந்தால்கூட வாய்ப்பு 5.7 சதவீதம். 12-க்கு 2 என்று வந்தால்தான், "இது வெறும் தற்செயல் அல்ல" என்று சொல்லப் புள்ளியியலில் வழக்கமாக வைக்கும் 5 சதவீத வரம்புக்குக் கீழே போகும்.

ஆனால் பத்திரிகைக் குறிப்பில் "44 சதவீதம் குறைவு" என்று வரும். கணக்கு தவறில்லை, முடிவு தவறு. இரண்டு இலக்கத்தைத் தொடாத எண்களுக்குச் சதவீதம் போடுவதை நிறுத்தினாலே பாதிக் குழப்பம் தீரும்.

எண்ணிக்கை பெரிதாக இருந்து, உண்மையிலேயே நன்றாகக் குறைந்திருந்தால்?

அப்போதும் ஒரு பொறி உண்டு. திட்டம் எப்போது தொடங்கப்படுகிறது? நிலைமை மிக மோசமாக இருக்கும்போது. மிக மோசமான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் சீராகும்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1955-ல் சாலை விபத்துகளில் 324 பேர் இறந்தார்கள். ஆளுநர் ஏப்ரகாம் ரிபிக்காஃப், வேகமாக ஓட்டுபவர்களின் உரிமத்தை முடக்கும் கடும் நடவடிக்கையைக் கொண்டுவந்தார். 1956-ல் இறப்பு 284. நடவடிக்கை வென்றது என்று அறிவித்தார்கள். டொனால்ட் கேம்ப்பெல், லாரன்ஸ் ராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த இரண்டு ஆண்டுகளை மட்டும் பார்க்காமல், முன்னும் பின்னுமாகப் பல ஆண்டுகளையும் பக்கத்து மாநிலங்களையும் வைத்துப் பார்த்து 1968-ல் எழுதினார்கள். 1955 வழக்கத்துக்கு மாறாக உயர்ந்த ஆண்டு; அடுத்த ஆண்டின் சரிவில் ஒரு பங்கு எப்படியும் வந்திருக்கும். அந்த ஆண்டுகளின் இறப்பு எண்ணிக்கை வரைபடம் மதிப்பீட்டுப் பாடங்களில் இன்றும் காட்டப்படுகிறது.

தடுக்க எளிய வழி: இடங்களைத் தேர்ந்தெடுக்கும் காலமும், "முன்பு" என்று ஒப்பிடும் காலமும் ஒன்றாக இருக்கக் கூடாது. 2022, 2023 விவரங்களை வைத்து இடங்களைத் தேர்ந்தெடுத்தால், ஒப்பீட்டுக்கு 2024-ஐ வையுங்கள். கடைசி மூன்று மாதத்தில் அதிகக் குற்றம் நடந்த பத்துத் தெருக்களைப் பொறுக்கி எடுத்து, அதே மூன்று மாதத்தோடு ஒப்பிட்டால், ஒரு காவலரைக்கூட அனுப்பாமல் குற்றத்தைக் குறைத்துக் காட்டலாம்.

ஒப்பிட வேறொரு பகுதி வேண்டும் என்கிறார்கள். கணக்கு எப்படிப் போடுவது?

திட்டம் நடந்த பகுதியில் ஓராண்டில் 120 குற்றங்கள் 90 ஆயின என்று வைத்துக்கொள்வோம். திட்டம் இல்லாத, மற்றபடி ஒத்த பகுதியில் 200 என்பது 180 ஆனது. முதல் பகுதியில் 25 சதவீதச் சரிவு. ஆனால் எதுவும் செய்யாத இடத்திலேயே 10 சதவீதம் குறைந்திருக்கிறது. 0.75-ஐ 0.90-ஆல் வகுத்தால் 0.83. திட்டத்தின் பங்கு சுமார் 17 சதவீதம்.

இதோடு நிறுத்தக் கூடாது. பிழை வரம்பும் போட வேண்டும். நான்கு எண்களின் தலைகீழ்களையும் (1/120, 1/90, 1/200, 1/180) கூட்டினால் 0.03, அதன் வர்க்கமூலம் 0.173. 0.83-ன் இயல் மடக்கையிலிருந்து இதன் 1.96 மடங்கை ஒருமுறை கழித்து, ஒருமுறை கூட்டித் திரும்ப மாற்றினால் கிடைப்பது: 41 சதவீதச் சரிவு முதல் 17 சதவீத உயர்வு வரை எதுவாகவும் இருக்கலாம். "25 சதவீதம் குறைந்தது" என்று தொடங்கிய செய்தி இங்கே வந்து நிற்கிறது. குற்றங்கள் கொத்தாக நடப்பவை என்பதால் (ஒரே கும்பல் ஒரே வாரத்தில் ஐந்து இடத்தில் கைவைக்கும்) உண்மையான வரம்பு இதைவிடவும் அகலம்.

ஒப்பீட்டுப் பகுதியைத் திட்டம் முடிந்தபின் தேடாதீர்கள். தேடினால் விரும்பிய விடையைத் தரும் பகுதி எப்படியும் கிடைத்துவிடும். தொடங்கும் முன்பே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு வையுங்கள்.

எஃப்.ஐ.ஆர். எண்ணிக்கையை வைத்தே அளந்தால் போதாதா?

பல திட்டங்களுக்குப் போதாது. சிலவற்றுக்கு நேர்மாறான விடையையே தரும்.

எஃப்.ஐ.ஆர். என்பது நடந்த குற்றத்தின் எண்ணிக்கை அல்ல. குற்றம் நடக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் ஸ்டேஷனுக்கு வர வேண்டும், அங்கே அது வழக்காகப் பதிவாக வேண்டும். மூன்றில் எது மாறினாலும் எண்ணிக்கை மாறும். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் வழக்குப் பதிய வேண்டியது கட்டாயம் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் தமிழ்நாட்டில் புகார் கொடுக்கப் போனவர், வழக்குப் பதியாமல் புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்புவது யாருக்கும் புதிதல்ல. ஆகவே எஃப்.ஐ.ஆரையும் சி.எஸ்.ஆரையும் சேர்த்தே எடுங்கள். எஃப்.ஐ.ஆர். குறைந்த அதே மாதம் சி.எஸ்.ஆர். கூடியிருந்தால், குறைந்தது குற்றம் அல்ல, பதிவு.

பதிவு கூடுவதே வெற்றியாகும் திட்டங்களும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள்: ஒரு பிரிவில் பெண்களுக்கான உதவி மேசை, இன்னொன்றில் பெண் அலுவலர்களே நடத்தும் உதவி மேசை, மூன்றாவதில் எதுவும் இல்லை. 2022-ல் வெளியான முடிவின்படி, மேசை இருந்த நிலையங்களில் பெண்கள் கொடுத்த புகார்கள் கூடுதலாகப் பதிவாயின, எஃப்.ஐ.ஆர். உயர்வு பெரும்பாலும் பெண் அலுவலர்கள் நடத்திய மேசைகளிலிருந்து வந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் ஒருவர் "மேசை வைத்த இடத்தில் பெண்களுக்கு எதிரான குற்றம் பெருகியது" என்று தலைப்புப் போட்டுவிடுவார்.

இன்னும் இரண்டு நுணுக்கம். ஒரு எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தாலும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அவற்றில் கடுமையானதை மட்டுமே கணக்கில் எடுக்கும். கொலையோடு சேர்ந்த கொள்ளை, கொலைக் கணக்கில் மட்டும் ஏறும். அடுத்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்ததும் பறிப்பு 304 என்ற தனிப் பிரிவானது. இந்திய தண்டனைச் சட்டத்தில் அதற்கு அப்படி ஒரு தனிப் பிரிவு கிடையாது. அந்தத் தேதியைத் தாண்டும் எந்தத் தொடரையும் பிரிவு எண்ணை வைத்து எடுத்தால் நடுவில் ஒரு பொய்யான மேடோ பள்ளமோ தெரியும். எஃப்.ஐ.ஆரில் உள்ள சம்பவ விவரத்தைப் படித்து, நீங்களே வகைப்படுத்துவதுதான் வழி. அலுப்பான வேலை, ஆனால் வேறு குறுக்கு வழி இல்லை.

அப்படியானால் வேறு எவற்றை அளப்பது?

ஒரே அளவையை நம்பாமல், ஸ்டேஷன் ரைட்டரின் பேனாவைச் சாராத ஒன்றையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டு அறைக்கு வரும் 100, 112 அழைப்புகள் நல்ல மூலம். ஒரே சண்டைக்குப் பத்துப் பேர் அழைப்பார்கள் என்பதால், அரை மணி நேரத்துக்குள் ஒரே இடத்திலிருந்து வந்தவற்றை ஒன்றாக்குங்கள். அடிதடிக்கு அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு. விபத்துத் திட்டங்களுக்கு இறப்பு எண்ணிக்கை, ஏனென்றால் இறப்பை மறைப்பது கடினம்.

வீட்டு வாசலில் போய் "கடந்த 12 மாதத்தில் உங்களுக்கு இது நடந்ததா?" என்று கேட்கும் கணக்கெடுப்பு செலவு பிடிக்கும், ஆனால் புகார் கொடுக்காதவர்களை எட்டும் வழி அது ஒன்றுதான். "கடந்த ஓராண்டில்" என்று கேட்டால் ஒன்றரை ஆண்டுக்கு முந்தைய திருட்டையும் மக்கள் சேர்த்துச் சொல்வார்கள். "போன பொங்கலுக்குப் பிறகு" என்று ஒரு நாளைக் குறித்துக் கேளுங்கள், பிழை குறையும்.

ராஜஸ்தானில் காவல் நிலையச் சீர்திருத்தங்களைச் சோதித்த ஓர் ஆய்வில் இன்னொரு வழியையும் கையாண்டார்கள். புகார்தாரர் போல ஆட்களை நிலையங்களுக்கு அனுப்பி, எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று பார்த்தார்கள். காவல்துறைத் தலைமையின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் இதைத் தொடவே கூடாது. பொய்ப் புகார் கொடுப்பது குற்றம்.

குலுக்கல் முறையில் இடங்களைப் பிரிப்பது நியாயமா? பாதுகாப்பைச் சீட்டுப் போட்டா கொடுப்பது?

ஆள் பற்றாக்குறையால் எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க முடியாது என்றால், யாருக்கு முதலில் என்பதை ஏதோ ஒன்று தீர்மானிக்கத்தான் போகிறது. சிபாரிசு தீர்மானிப்பதைவிடச் சீட்டு மேல். ஒப்பீட்டுப் பகுதியில் வழக்கமான காவல் பணி அப்படியே தொடரும், யாருக்கும் எதுவும் நிறுத்தப்படாது என்பதை எழுத்தில் வையுங்கள்.

செய்முறை: தகுதியான இடங்கள் எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள். குற்ற அளவின்படி இறங்கு வரிசையில் அடுக்குங்கள். இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ஒவ்வொரு ஜோடியிலும் எது என்று கணினி தேர்ந்தெடுக்கட்டும். குலுக்கலைத் தொடங்கக் கணினிக்குக் கொடுத்த எண்ணைக் கோப்பில் குறித்து வையுங்கள், யார் மீண்டும் ஓட்டினாலும் அதே விடை வரும். குலுக்கிய பிறகு "இந்த மார்க்கெட்டை மட்டும் மாற்றிவிடுங்கள்" என்று ஒரு தொலைபேசி அழைப்பு வரும். விதிவிலக்கு கேட்கும் இடங்களைக் குலுக்கலுக்கு முன்பே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை.

எத்தனை இடங்கள் வேண்டும்?

அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் 1972 அக்டோபர் முதல் ஓராண்டு நடந்த ரோந்துச் சோதனை இத்துறையின் மூத்த சோதனைகளில் ஒன்று. 15 பீட்டுகளை (ரோந்துப் பகுதிகளை) ஐந்து ஐந்தாகப் பிரித்தார்கள்: ஒன்றில் அழைத்தால் மட்டும் போவது, ஒன்றில் வழக்கமான ரோந்து, ஒன்றில் இரண்டு மூன்று மடங்கு ரோந்து. குற்றத்திலோ மக்களின் பயத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. "ரோந்து வீண்" என்று பலர் இதைச் சுருக்கிவிட்டார்கள். பிரிவுக்கு ஐந்தே இடங்கள் இருக்கும்போது மிதமான விளைவு இருந்தாலும் கண்ணில் படாது என்பதுதான் சரியான வாசிப்பு. மேலும், ரோந்து இல்லாத பீட்டுக்குள்ளும் அழைப்புக்கு வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன.

பின்னால் வந்தவர்கள் இடத்தைச் சுருக்கி எண்ணிக்கையைக் கூட்டினார்கள். மினியாபொலிஸில் 1988-89-ல் 110 தெருமுனைகள். ஃபிலடெல்ஃபியாவில் 2009 கோடையில் நடை ரோந்துக்கு 120 பகுதிகள். ராஜஸ்தானில் 162 காவல் நிலையங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு, இடங்களுக்குப் பதிலாக ஆட்களை எண்ணுவது. 20 நிலையங்களில் நிலையத்துக்கு 100 பேர் வீதம் 2,000 பேரிடம் கேட்டோம் என்பார்கள். ஒரே ஸ்டேஷன் எல்லையில் இருப்பவர்களின் பதில்கள் ஒத்துப்போகும். அந்த ஒற்றுமை 0.05 என்ற சிறிய அளவில் இருந்தாலே, 1 + 99 × 0.05 = 5.95 என்று வகுக்க வேண்டும். 2,000 பேர் என்பது உண்மையில் சுமார் 336 பேரின் மதிப்புதான். நிலையத்துக்கு இன்னும் நூறு பேரைச் சேர்ப்பதைவிட, இன்னும் பத்து நிலையங்களைச் சேர்ப்பது பல மடங்கு பயன் தரும்.

உத்தரவு போட்டாயிற்று. திட்டம் நடந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பெரும்பாலான மதிப்பீடுகள் கவிழ்வது இங்கேதான். ராஜஸ்தானில் ஒரே ஆய்வில் பல சீர்திருத்தங்களைச் சோதித்தார்கள். பயிற்சியும், இடமாற்றத்தை நிறுத்தி வைத்ததும் பலன் காட்டின. வார விடுமுறையும், பொதுமக்கள் பார்வையாளராக ஸ்டேஷனில் அமர்வதும் பலன் காட்டவில்லை. அவை உத்தரவில் இருந்த அளவுக்குத் தரையில் இல்லை. இதை "வார விடுமுறையால் பயனில்லை" என்று எழுதினால் அநியாயம்.

ஆகவே அளவை எடுங்கள்: எந்த இடத்தில், எந்தத் தேதியில், எத்தனை நிமிடம். ஏ.டி.எம். வாசலில் தொங்கும் பட்டா புத்தகத்தில் (ரோந்துக் காவலர் கையெழுத்திடும் புத்தகம்) கையெழுத்து இருப்பது, காவலர் அங்கே வந்ததற்கு ஆதாரம். பத்து நிமிடம் நின்றதற்கு அல்ல. ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரு வாரக் கையெழுத்தும் வரிசையாக இருந்தால் அது வந்ததற்குக்கூட ஆதாரம் இல்லை. கைப்பேசிச் செயலியின் இருப்பிடப் பதிவு மேல், அதையும் மாதம் சில முறை நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும். நிற்கும் நேரம் முக்கியம்: மினியாபொலிஸ் விவரங்களை ஆராய்ந்த கோப்பர் என்ற ஆய்வாளர், ஒரு முறைக்கு 10 முதல் 15 நிமிடம் நின்றால் பலன் உச்சத்தில் இருப்பதாகக் கண்டார். அதற்கு மேல் நிற்பதால் பெரிதாகக் கிடைப்பதில்லை.

கணக்குப் போடும்போது மட்டும், குலுக்கலில் எந்தப் பிரிவில் விழுந்ததோ அதே பிரிவில்தான் இடத்தை வைக்க வேண்டும், ரோந்து ஒழுங்காக நடந்திருந்தாலும் நடக்காவிட்டாலும். "ஒழுங்காக நடந்த நிலையங்களை மட்டும் எடுப்போம்" என்றால், நல்ல இன்ஸ்பெக்டர்கள் இருந்த நிலையங்களை மட்டும் எடுக்கிறீர்கள்.

ஒரு தெருவில் நெருக்கினால் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட மாட்டார்களா?

போகலாம், எப்போதும் இல்லை. 102 மதிப்பீடுகளைத் தொகுத்த 2009-ம் ஆண்டு ஆய்வில், பார்க்கப்பட்ட தருணங்களில் 26 சதவீதத்தில் குற்றம் இடம் மாறியிருந்தது. 27 சதவீதத்தில் நேர்மாறாக, பக்கத்து இடத்துக்கும் நன்மை பரவியிருந்தது. ஃபிலடெல்ஃபியாவில் நடை ரோந்துப் பகுதிகளில் தடுக்கப்பட்ட வன்முறைக் குற்றங்கள் 90; சுற்றுப்புறத்துக்கு நகர்ந்தவை 37; நிகர லாபம் 53. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1,919 தெருத் துண்டுகளில் பெரிய அளவில் செய்தபோது, திருட்டு வகைக் குற்றங்கள் அருகில் நகர்ந்ததற்கான அறிகுறி தெரிந்தது. பணத்துக்காகத் திருடுபவன் இடம் மாறுவான், ஆத்திரத்தில் அடிப்பவன் அவ்வளவாக மாற மாட்டான் என்று பொதுவாகச் சொல்லலாம்.

அளக்க மூன்று வட்டங்கள் வேண்டும்: அ திட்டப் பகுதி, ஆ அதைச் சுற்றிய வளையம், இ எட்டாத தூரத்தில் ஒப்பீடு. முந்தைய உதாரணத்தையே எடுத்தால், இ 10 சதவீதம் குறைந்தது. அ-வில் 108 எதிர்பார்க்கலாம், 90 வந்தது, 18 மிச்சம். வளையத்தில் முன்பு 80, பின்பு 84 என்றால், எதிர்பார்த்தது 72, 12 கூடுதல். 18-ல் 12, அதாவது மூன்றில் இரண்டு பங்கு நகர்ந்திருக்கிறது. "வளையத்தில் வெறும் நான்குதானே கூடியது" என்று பார்த்தால் இது தெரியவே தெரியாது. வளையத்தையே ஒப்பீட்டுப் பகுதியாக வைப்பது இன்னும் மோசம்: நகர்ந்த குற்றம் அங்கே ஏறி, திட்டத்தின் பலன் இரட்டிப்பாகத் தெரியும்.

எவ்வளவு நாள் பார்க்க வேண்டும்?

திட்டம் நிறுத்தப்பட்ட பிறகும் சில மாதங்கள். ஃபிலடெல்ஃபியாவில் 12 வாரத்துக்குப் பின் வன்முறை ஒப்பீட்டைவிட 23 சதவீதம் குறைவு. ரோந்தை எடுத்தபின் அந்த லாபம் நிலைக்கவில்லை. ஓடும் காலத்திலேயே பழகிப்போவதும் உண்டு. ராஜஸ்தானில் 2010-11-ல் குடிபோதைச் சோதனையை இரண்டு விதமாக நடத்தினார்கள். ஒரே இடத்தில் நின்ற சோதனைச் சாவடியால் பலன் இல்லை. ஓட்டுநர்கள் வேறு சாலையில் போனார்கள். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்த சாவடிகளால் இரவு விபத்து 17 சதவீதமும் இரவு இறப்பு 25 சதவீதமும் குறைந்தன. அதே ஆட்கள், அதே கருவி.

மாவட்டம் முழுக்க ஏற்கனவே தொடங்கிவிட்டோம். இனி குலுக்க முடியாதே?

மாதவாரித் தொடரை எடுங்கள். தொடங்கும் முன் குறைந்தது 36 மாதம், பின் 12 மாதம். மட்டம் மாறியதா, மாதாமாதம் ஏறும் அல்லது இறங்கும் வேகம் மாறியதா என்று தனித்தனியே பாருங்கள். கோடை விடுமுறையில் பூட்டிய வீட்டில் திருட்டு ஏறும், தீபாவளி நெரிசலில் பிக்பாக்கெட் ஏறும்; எனவே ஏப்ரலை ஏப்ரலோடுதான் ஒப்பிட வேண்டும். 2020, 2021 ஊரடங்கு மாதங்களை "முன்பு" என்று வைத்தால் எந்தத் திட்டமும் தோற்கும்.

கேமரா போன்றவை ஒரே நாளில் எல்லா இடத்திலும் இயங்கத் தொடங்குவதில்லை. சென்னையில் 'மூன்றாவது கண்' திட்டத்தில் நடந்ததுபோலத் தெருத் தெருவாகத்தான் வரும். தெருவாரியாக இயக்கத் தேதியைக் குறித்து வைத்திருந்தால், தாமதமாக வந்த தெருக்களே ஒப்பீடாகிவிடும். உலகெங்கும் நடந்த கேமரா ஆய்வுகளைத் தொகுத்த 2019-ம் ஆண்டு ஆய்வின்படி சராசரிச் சரிவு 13 சதவீதம். வாகன நிறுத்துமிடங்களில் அதிகம், வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க விளைவு இல்லை. குற்றவாளியைப் பிடிக்க கேமரா உதவியதா என்பது வேறு கேள்வி. அதைத் தனியாக அளங்கள்.

வெளிநாட்டில் நிரூபணமான திட்டம் இங்கே செல்லுமா?

மினியாபொலிஸில் 1981-82-ல் 314 குடும்ப வன்முறைச் சம்பவங்களை வைத்து, கைது செய்தால் மறுபடி அடிப்பது குறைகிறது என்று கண்டார்கள். பல நகரங்கள் அதையே கொள்கையாக்கின. பிறகு வேறு ஐந்து இடங்களில் செய்து பார்த்தால் முடிவுகள் கலவை. மில்வாக்கியில் வேலையில்லாதவர்களைக் கைது செய்தபோது வன்முறை கூடியது. ஒரே நாட்டுக்குள்ளேயே இந்தக் கதி. பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில் ஒரே நேரத்தில் சோதித்த சமூகக் காவல் முறை, நம்பிக்கையையும் கூட்டவில்லை, குற்றத்தையும் குறைக்கவில்லை என்று 2021-ல் வெளியானது. அதிகாரிகள் அடிக்கடி மாறியது, ஆளும் வசதியும் போதாதது ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. இங்கே நகலெடுக்கும் முன் பார்க்க வேண்டியது அந்தக் காரணங்களைத்தான்.

வெளியாட்கள் எதை வைத்துச் சரிபார்ப்பது?

எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்றவை விலக்கு. நிலையவாரியாக எண்ணிப் பார்க்க அது போதும். சி.எஸ்.ஆர். எண்ணிக்கைக்கும் 112 அழைப்பு எண்ணிக்கைக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். "குற்றம் எவ்வளவு குறைந்தது?" என்று கேட்காதீர்கள். மாதவாரியாக, நிலையவாரியாக, திட்டம் தொடங்கிய தேதிக்கு முன் மூன்று ஆண்டுகளுக்கு, திட்டம் இல்லாத பக்கத்து உட்கோட்டத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள். பெயரோ முகவரியோ கேட்காத வெறும் எண்ணிக்கை மனுவுக்கு, தனிநபர் விவரம் என்று காரணம் காட்டுவது கடினம்.